வட்டமுனைக் கத்தி

ஜூன் 3, செவ்வாய்

சவரக்கத்தி வாங்கிவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் இது தேவையா என்று ஜங்ஷன் போகும்வரை பஸ்ஸில் யோசித்தேன். கடை வாசலிலும் நின்று யோசித்தேன்.

காரணங்களை எழுதிவைக்கிறேன். பிளாஸ்டிக் ரேசர் என் கழுத்தில் கொப்புளம் கிளப்புகிறது. சலூனுக்குப் போனால் இன்னொருவர் என் கழுத்தில் கத்தி வைப்பார். அது எனக்கு எப்போதுமே பயம். கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தின் மைக்ரோடோம் கத்தியைத் தீட்டி வைப்பது என் பொறுப்பாக இருந்தது. மெழுகில் பதித்த திசுவைத் தாளைவிட மெல்லியதாகச் சீவுகிற கத்தி அது. நான் நன்றாகச் செய்தேன் என்று மற்றவர்கள் சொன்ன ஒரே வேலையும் அதுதான்.

சலூன் சாமான் கடைக்காரர் பிளேடு மாற்றும் கத்தியை எடுத்துப் போட்டார்.

"எல்லாக் கடையிலயும் இதான் ஓடுது அண்ணாச்சி."

"எனக்கு முழுக் கத்தி வேணும். தீட்டுற கத்தி."

"அத இப்ப யாரு வாங்குதா? எங்கப்பா காலத்துச் சரக்கு உள்ள கெடக்கும். யாருக்கு, உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"கை நடுங்குதே."

"கடைன்னா நடுங்கும். வீட்ல நடுங்காது."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு கத்திகளைக் கொண்டுவந்தார். இரண்டையும் கண்ணாடி மேசையில் படுக்கவைத்துப் பார்த்தேன். வளைவு இல்லை. வெட்டும் வாயில் துருப்புள்ளி இல்லை. மடக்கினால் இரண்டும் பிடியின் நடுவில் சரியாக உட்கார்ந்தன. ஒன்றின் முனை சதுரம்; கை தவறினால் காதைக் கிழிக்கும். மற்றதன் முனை வட்டம். ஆரம்பக்காரர்களுக்கு வட்டமுனைதான் நல்லது என்றார் கடைக்காரர். பயந்தவர்களுக்கு என்பதை மரியாதைக்காக விட்டுவிட்டார். வட்டமுனையை வாங்கினேன்.

மருமகள் பியூலா கதவைத் திறந்தாள். இடது கண் வீங்கியிருந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள். இந்த வீட்டில் கதவு வைத்த அலமாரி ஒன்றுதான் உண்டு. அது என் அறையில் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

முதல் சவரம். வெந்நீர்த் துணியைக் கன்னத்தில் வைத்து ஊறவிட்டேன். சோப்பை நுரைக்க நுரைக்கக் குழைத்தேன். கத்தியின் முதுகு தோலிலிருந்து கொஞ்சமாகத்தான் உயர வேண்டும். அதிகம் உயர்ந்தால் வெட்டும், படுத்தால் மயிரைப் பிடுங்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே வழித்தேன். கன்னம் இரண்டும் நன்றாக வந்தன. மோவாயில் மூன்று இடத்தில் ரத்தம். படிகாரம் தேய்த்தேன்.

என் மகன் ரூபன் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, மாப்ள ஆவப் போறீயளா? பொண்ணு பாத்தாச்சா?"

சிரித்தேன். ரூபன் பேசினால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். வண்டி ஷோரூமில் அவனுக்கு நல்ல பெயர். சபையில் பாட்டுக்குழுவை நடத்துகிறான். தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பான்.

கழுத்தில் கத்தி வைக்கத் தைரியம் வரவில்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 7, சனி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. ரூபன்தான் நடத்துவான். ரூபன் குடிப்பதில்லை. இதை எழுதிவைக்க வேண்டும். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

இன்று பியூலா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தாள். பஸ் கிடைக்கவில்லையாம். வீட்டின் மூத்தவன் என்பதால் கடைசி ஜெபம் என்னுடையது. நோயாளிகளுக்காக, மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். எரியாத தெருவிளக்குக்காகக்கூட ஜெபித்தேன். நடுவிலேயே ரூபன் "ஆமென்" என்று சொல்லிவிட்டான்.

"பியூலா, மேல வா."

"சாப்பாடு எடுத்து வச்சிட்டு வாரேன்."

"மேல வான்னேன்."

பெல்ட் காற்றில் வரும்போது ஒரு சத்தம். உடம்பில் படும்போது வேறு சத்தம். இரண்டுக்கும் நடுவில் பியூலாவின் சத்தம் வர வேண்டும், வரவில்லை. தலையணையைக் கடித்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டேன். தையல் மெஷின் எண்ணெய்தான் நல்லது. தேங்காய் எண்ணெய் பிசுக்கேறிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

வயிறு சரியில்லை என்று சொல்லி கோயிலுக்குப் போகவில்லை. வயிறு நன்றாகத்தான் இருந்தது.

தினமும் சவரத்துக்கு முன் கத்தியைத் தோல்வாரில் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் வாய் போய்விடும். தோல்வார் அந்தக் கடையில் இல்லை. நல்ல எருமைத் தோல், இரண்டு விரலுக்கு மேல் அகலம், மடிப்பு விழாதது வேண்டும். அப்படி ஒன்று மாடியில் கொக்கியில் தொங்கியது. எடுத்தேன். பித்தளை பக்கிளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றினேன். அதன் முள்ளில் கொஞ்சம் கறுப்பாக எதுவோ காய்ந்திருந்தது. பக்கிளைக் கிணற்றில் போட்டேன். தோலைக் குளியலறை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒரு நுனியைப் பிடித்து இழுத்து, கத்தியை முதுகு முன்னால் போகும்படி ஓட்டினேன். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயை முன்னால் விட்டால் தோல் அறுந்துபோகும்.

கை நடுங்கவில்லை. ஒரு மயிரைப் பிடித்து அதன்மேல் கத்தியை வைத்தேன். மயிர் தானாக விழுந்தது.

தோல் தேவைப்பட்டது, அதனால் எடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் ரூபன் பெல்ட்டைத் தேடினான். குளியலறையில் கண்டுபிடித்தான். அங்கேயே நின்றுவிட்டான். நான் நுரை பூசிய முகத்தோடு நின்றேன்.

"கேட்டிருந்தா புதுசா ஒண்ணு வாங்கித் தந்திருப்பேன்லா."

"தோல் நல்லா இருந்தது."

"நல்லாத்தான் இருக்கும். நீங்க ஏன் எடுத்தீயன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கீயளா?"

என் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கினான். முன்கையில் வைத்து வழித்தான். மயிர் தூளாக உதிர்ந்தது.

"அடேயப்பா. ஏட்டி, இங்க வா."

பியூலா அடுக்களையிலிருந்து வந்தாள். அவளைத் திருப்பி நிறுத்தினான். பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். தலை பின்னால் போய் கழுத்து நிமிர்ந்தது. கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோய் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு பின்னலில் வைத்து இழுத்தான். ஒரே இழுப்பு. ஒரு முழம் மயிர் ஈரத் தரையில் விழுந்தது.

"பள்ளிக்கொடத்துல கேட்டா மாமனாருக்குக் கத்தி டெஸ்ட் பண்ணுனேன்னு சொல்லு."

கத்தியை என் கையில் திரும்ப வைத்தான். "தெனமும் தீட்டுங்கப்பா. நல்லா வச்சிருங்க. வேணும்னா கேப்பேன்."

இன்னொன்றையும் எழுத வேண்டும். பின்னல் அறுந்தபோது பியூலாவுக்காகப் பதறினேன். அதே நொடியில், மயிர்க்கற்றை ஒன்றுகூடச் சிக்காமல் எவ்வளவு சுத்தமாகப் போகிறது என்றும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

ஜூன் 10, செவ்வாய்

ரூபன் வேலைக்குப் போனதும் பியூலா வந்தாள். தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள்.

"மாமா, அதத் தூரப் போட்டுருங்க."

"காணோம்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"உன்னத்தான கேப்பான்."

"எங்க வீட்டுக்குப் போன் பண்ணுனேன். அனுசரிச்சுப் போடின்னு அம்ம சொல்லுதா. நீங்களும் இப்படிச் சொன்னா நான் எங்க போவேன்?"

நான் கத்தியை மடக்கி வைத்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லின் விளிம்பில் வாயைச் செங்குத்தாக வைத்து அழுத்தி இழுத்தேன். பல்லில் மணல் அரைபடுவதுபோல ஒரு சத்தம். ஆய்வகத்தில் மாணவன் ஒருவன் கத்தியைத் தரையில் போட்டபோது அவனை ஒரு வாரம் வெளியே நிறுத்தியவன் நான். இருபது, இருபத்தைந்து முறை இழுத்தேன். பிறகு தோல்வாரில் ஓட்டிப் பளபளப்பை மட்டும் வரவழைத்தேன். பார்த்தால் தெரியாது. விரல் வைத்தால் தெரியும்.

ஜூன் 11, புதன்

மழுங்கிய கத்தியில் சவரம் செய்தேன். செய்யாவிட்டால் ஏன் என்று கேட்பான். மயிரை அது அறுப்பதில்லை; பிடுங்குகிறது, தோலோடு சேர்த்து. அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் கோணம் மாறிச் சதையைச் சுரண்டுகிறது. கன்னம் முழுக்க ரத்தம். தொட்டியில் தண்ணீர் சிவந்தது.

ரூபன் வாசலில் நின்று பார்த்தான்.

"யப்பா! நல்ல வாய்தான் போல."

"ஆமா."

கூர்மையான கத்தி ரத்தம் காட்டாது என்பது அவனுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே அவன் கத்தியை நம்புகிறான். இனி தினமும் அவனுக்கு இந்த முகத்தைக் காட்ட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் போதகர் என் கன்னத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்றார். புதுக் கத்தி என்றேன். பக்கத்தில் பியூலா கையை முழுவதும் மூடும் ரவிக்கையில் நின்றாள். அவளை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

ராத்திரி மிக்ஸி வயர். பெல்ட் இருந்திருந்தால் பெல்ட்டோடு போயிருக்குமோ? வயர் படும்போது சத்தமே இல்லை. காலையில் அவள் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுத்தாள். கதவுக்கு வெளியே நின்று சொம்பை நீட்டினேன்.

பெல்ட்டை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுக்காமலும் இருந்திருக்கக் கூடாது.

ஜூன் 20, வெள்ளி

கத்தி மழுங்கியது என்று பியூலாவிடம் சொல்லவில்லை. இதற்குக் காரணம் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் பயம் போகும். பயம் போனது முகத்தில் தெரியும். முகத்தைப் பார்த்தால் ரூபன் கத்தியில் விரல் வைத்துப் பார்ப்பான். சரியான காரணம்தான்.

ஆனால் நேற்று காபி கொடுக்கும்போது, நான் தோல்வாரில் கத்தி ஓட்டும் சத்தத்துக்கே அவள் கையிலிருந்த டம்ளர் தட்டில் அடித்துக்கொண்டது. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ரூபன் கூடத்தில் இருந்தான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சொல்லிவிட நினைத்தேன். முள்ளங்கிச் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

நேற்று நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பும் நேரம். ரூபனின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி பட்டு மஞ்சளாகிவிட்டது. அவ்வளவுதான். அடுக்களையில் பியூலாவின் கன்னத்தில் அறைந்தான். அவள் தடுக்கக் கை தூக்கினாள். கை தூக்கியதற்காக வயிற்றில் மிதித்தான். அவள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். தாழ்ப்பாள் போட விடாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நான் கூடத்தில், கையில் பைபிளோடு நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

அவள் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையிலிருந்து கத்தியை எடுத்தாள். விரித்தாள். தினமும் என்னைப் பார்த்தே பிடிக்கக் கற்றிருக்க வேண்டும். பிடி சரியாக இருந்தது. அவன் கழுத்தில் காதுக்குக் கீழே வைத்து, முழு பலத்தோடு இழுத்தாள்.

ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு அது சிவந்தது. நகத்தால் கீறிய மாதிரி.

மூன்று பேரும் அசையவில்லை. ரூபன் கழுத்தைத் தொட்டு விரலைப் பார்த்தான். ரத்தம் இல்லை. அவள் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கினான். அதன் வாயில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மொட்டக் கத்தி. யப்பா, என்னைய நல்லாக் காப்பாத்திட்டீய."

பியூலாவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவன் அவள் தலைமயிரைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துவந்தான். தரையில் முகத்தை மோதினான். மறுபடியும் மோதினான். மூன்றாவது தடவை மோதியதும் அவள் கைகள் தடுப்பதை நிறுத்திவிட்டன. மயிரைப் பிடித்த அவன் வலது கை தரையில் ஊன்றியிருந்தது. அம்மியின் மேல் குழவி கிடந்தது. பைபிளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. குழவியை இரண்டு கையாலும் தூக்கி, மணிக்கட்டுக்கு மேலே போட்டேன்.

முப்பது வருடம் வகுப்பில் எலும்புகளைத் தொட்டுக்காட்டிப் பெயர் சொன்னவன் நான். முதல் அடியில் ஆர எலும்பு. அவன் கையை விடவில்லை. மறுபடியும் தூக்கினேன். இரண்டாவதில் பக்கத்து எலும்பான அல்னா. ஒரு முனை தோலைக் கிழித்து வெளியே வந்தது. விரல்கள் விரிந்தன. மயிர் விடுபட்டது.

"யப்பா, யப்பா" என்று கத்தினான். சின்ன வயதில் தேள் கொட்டியபோது கத்திய அதே குரல். மூன்றாவது முறை குழவியைத் தூக்கினேன். தலைக்கு நேராகத் தூக்கினேன் என்பதையும் எழுதவேண்டும். கீழே கிடந்த பியூலா என் காலைப் பிடித்தாள். அவள் பிடித்ததால்தான் நிறுத்தினேன்.

ஜூலை 1, செவ்வாய்

பியூலாவுக்கு நெற்றியில் ஒன்பது தையல். மூக்கெலும்பு உடைந்திருக்கிறது. ஒரு கண் திறக்கவில்லை. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மழுக்குனது நீங்கதான?"

"ஆமா."

"எப்ப?"

"உன் முடிய அறுத்த மறுநாள்."

"அன்னைலருந்து மூணு வாரம் அந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுச் செத்தேன். ஒரு வார்த்த சொன்னா என்ன மாமா?"

சரியான காரணம் வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"நான் மிரட்ட எடுக்கல. அறுக்கத்தான் எடுத்தேன்" என்றாள்.

"தெரியும்."

"அறுத்திருந்தா நான் ஜெயில்ல கெடப்பேன். அறுக்காததால இங்க கெடக்கேன். அவரு உயிரோட இருக்காரு. நீங்க யாரக் காப்பாத்த மழுக்குனீய?"

உன்னை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மை என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

பெண் எஸ்.ஐ. வந்தார். பியூலா புகார் கொடுத்திருக்கிறாள். ரூபன் என்மேல் கொடுத்திருக்கிறான்.

"தவசீலன் சார், பெத்த மகன் கைய உடைச்சிருக்கீங்க. கம்பி வச்சுக் கட்டியிருக்கு. தெரியாம விழுந்துச்சுன்னு சொன்னா..."

"தெரிஞ்சுதாம்மா போட்டேன். ரெண்டு தடவ."

"அப்ப உங்க மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும்."

"இது எத்தனை நாளா நடக்கு? நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

பெல்ட், வயர், பின்னல், அலமாரிக் கதவு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவையும் கேட்டுக்கிட்டு வீட்லயேதான் இருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கத்தியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போனார்கள். ரூபனைக் கைது செய்தார்கள்; என்னை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

பியூலா வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. அவள் அம்மா ஊருக்குக் கூப்பிட்டதற்கு, இங்கிருந்துதான் பள்ளிக்கூடம் பக்கம் என்று சொல்லிவிட்டாளாம். வீடு என் பெயரில் இருக்கிறது. ரூபனின் சாமான்களை மூட்டை கட்டி ஷோரூமுக்கு அனுப்பினேன். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு.

என்னோடு அவள் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள். நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து வைப்பதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ரூபன் ஜாமீனில் வந்துவிட்டான். மத்தியானம் கோயில் விட்டு ஜனங்கள் தெருவில் வரும் நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. நான் உள்பக்கம் போய் நின்றேன்.

"கேட்டத் தொறங்கப்பா."

"தொறக்க மாட்டேன்."

"போதகர்ட்டப் பேசிட்டேன். சமாதானமாப் போவச் சொல்லுதாரு. தெருவே பாக்கு. கேவலமா இல்லையா உங்களுக்கு?"

எதிர் வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். குடையோடு போன ஒரு குடும்பம் நின்றுவிட்டது. வகுப்பில் ஐம்பது பேர் முன்னால் பேசும்போதுகூட மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ அவளக் கொல்லப் பாத்த" என்றேன். சத்தம் போதவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "நீ பியூலாவக் கொல்லப் பாத்த. இந்த வீட்ல வச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். இனிமே நீ உள்ள வர முடியாது."

குடைக்காரர் குடையை மடக்கினார். போகவில்லை.

ரூபன் முகத்தைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து மெதுவாகச் சொன்னான். "இடது கை இன்னும் இருக்குப்பா."

என் கால்கள் நடுங்கின. வேட்டிக்கு வெளியே தெரியும்படி நடுங்கின. அவனும் பார்த்தான். உள்ளே போய்விட வேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பியூலா கூடத்து நாற்காலியைக் கொண்டுவந்து என் காலுக்குப் பின்னால், கேட்டுக்கு நேர் எதிரே போட்டாள். ஆஸ்பத்திரியில் பேசியதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"நின்னா விழுந்துருவீய. உக்காந்து சொல்லுங்க."

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போகவில்லை, படியில் நின்றாள். ரூபன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், திட்டினான், கொஞ்ச நேரம் அழவும் செய்தான். நான் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டேன். வெயில் என் தலைமேல் வந்தது. அவன் போன பிறகுதான் எழுந்தேன்.